வாசலில் வந்து நின்ற நாற்காலி

பாகலூரணிக்குள் பல் டாக்டரின் நாற்காலி முதன்முதலாக நடந்து வந்தது ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்து, பெண்கள் தெருவில் நிலக்கடலையைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்த நேரம். கடைத்தெருவில் உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து படியிறங்கி, தலைக்கு மேல் வட்ட விளக்கு ஆட, பக்கத்தில் எச்சில் துப்புகிற கிண்ணம் குலுங்க, காய்கிற கடலையில் ஒன்றைக்கூட மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி அது வந்தது. அதன் பின்னாலேயே டாக்டர் ஜெனிட்டா, தும்பை அறுத்துக்கொண்டு ஓடிய பசுவைத் துரத்துகிறவள் போல, முகம் சிவக்க மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"நான் அனுப்பலைங்க, சத்தியமா நான் அனுப்பல" என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அவளை யாரும் குற்றம் சொல்லவில்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண், ஆஸ்பத்திரி திறந்து எவ்வளவோ காலமாகியும் இந்த ஊரில் ஒரு வாய்கூட அவளிடம் திறந்ததில்லை, நாற்காலிக்கே பொறுக்காமல் அது கிளம்பிவிட்டது என்று ஊர் தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டது. சும்மா கிடக்கிற மாடே மேய்ச்சலுக்கு இழுக்கும்போது சும்மா கிடக்கிற நாற்காலி எத்தனை நாள் பொறுக்கும்?

அது டீக்கடை பூதலிங்கத்தின் வீட்டு வாசலில் போய் நின்றது. பூதலிங்கம் அதைப் பார்க்காதவன் போலப் புறவாசல் வழியாகக் கடைக்குப் போனான், புறவாசல் வழியாகத் திரும்பினான். நாற்காலி கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை, மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது, நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் அவன் பெண்டாட்டியே அவனை நெட்டித் தள்ளி உட்காரவைத்தாள். அவன் உட்கார்ந்த மறுநிமிடம் நாற்காலி திரும்பி, அவனைச் சுமந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போய், படியேறிவிட்டது. மாடியில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை, ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அது மெஷினின் சத்தம் என்றார்கள் சிலர், பூதலிங்கத்தின் சத்தம் என்றார்கள் பலர். கன்னத்தில் பஞ்சை அடைத்துக்கொண்டு இறங்கி வந்தவன் கொஞ்சம்கூட வலிக்கவில்லை என்றுதான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் ரத்தமாகத் துப்பினான். துப்பியதைப் பார்த்த ஊர், அவன் சொன்னதை நம்பவில்லை.

அதற்குப் பிறகு நாற்காலி வருவதும் போவதும் வழக்கமாகிவிட்டது. எவர் வாயில் பல் அழுகுகிறதோ அவர் வீட்டு வாசலில் அது வந்து நின்றது, அவர் உட்காரும்வரை நின்றது. வந்ததை வந்ததாக எடுத்துக்கொள்வதில் பாகலூரணிக்கு நிகர் இல்லை. பெண்கள் அதன் கைப்பிடியில் ஈரத்துணியைக் காயப்போட்டார்கள், நாய்கள் அதன் அடியில் நிழலுக்குப் படுத்தன, மினிபஸ் டிரைவர் அதற்கு ஹாரன் அடித்து வழி கேட்டார், அதுவும் ஒதுங்கி வழி விட்டது. ரேஷன் கடை வாசலில் மட்டும் அது நிற்கக்கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள், அதையும் அது மதித்து நடந்தது. நாற்காலி இல்லாத ஆஸ்பத்திரியில் ஜெனிட்டா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, அது யாரை ஏற்றிக்கொண்டு வரும் என்று படியைப் பார்த்தபடி இருந்தாள்.

வெளியே பார்க்க எல்லாம் சகஜம்தான். உள்ளுக்குள் ஊர் நடுங்கியது. நாற்காலியைத் தாண்டிப் போகும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். கொட்டாவி வந்தால் விழுங்கினார்கள். கல்யாண வீட்டு போட்டோவில் மாப்பிள்ளையும் பெண்ணும் கோபித்துக்கொண்டவர்கள் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். கடித்தால்தானே பல் தேயும், தேய்ந்தால்தானே கெடும், கெட்டால்தானே அது வரும் என்று யாரோ கணக்குப் போட, கடிக்கிற எதையும் வீட்டில் சேர்ப்பதில்லை என்று ஊரே ஒருமித்து முடிவெடுத்தது. முறுக்கு போனது, சீடை போனது, கரும்பு போனது, கறிக்கடைக்காரர் எலும்பை நாய்க்குப் போட்டார், பந்தியில் அப்பளம் நொறுங்கும் சத்தம் நின்றுபோனது. அதற்குப் பதிலாகக் குழைந்த கஞ்சியில் கருப்பட்டியைக் கரைத்துக் குடித்தார்கள், ரொட்டியைச் சீனிப்பாலில் ஊறவைத்து விழுங்கினார்கள், அல்வாவும் கேசரியும் ஜாமும் கேக்குமாக நாக்காலேயே சாப்பிட்டு முடித்தார்கள். மென்று தின்ன வேண்டிய ஒரு கீரைத்தண்டு, ஒரு கொய்யாக்காய்கூட எவர் வாய்க்குள்ளும் போகவில்லை.

"இந்த மெத்துன இனிப்புதாங்க பல்ல அரிக்குது! நல்லா கடிச்சு மென்னு தின்னுங்க, தின்னா வாயக் கொப்பளிங்க!" என்று ஜெனிட்டா ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திப் பார்த்தாள். தன் நாற்காலிக்கு ஆள் சேர்க்கிறாள் என்றார்கள். பயப்படப் பயப்பட ஊர் இனிப்பாகத் தின்றது, இனிப்பாகத் தின்னத் தின்ன நாற்காலிக்கு நடை கூடியது.

இத்தனை பேர் பயத்தையும் ஒரு தட்டில் வைத்துக் குருவையாவின் பயத்தை மறுதட்டில் வைத்தால் குருவையாவின் தட்டுதான் தாழும். அவன் ஊரின் பெரிய கடலை மிட்டாய்க் கம்பெனியில் பாகு மாஸ்டர். சிறுவயதில் அவன் சித்தப்பா பொருட்காட்சியில் ஒருவனிடம் மேல்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார், அந்த வருஷமே அவருக்கு ஒரு கண் போனது. அந்தக் கண்ணில் முன்பே பூ விழுந்திருந்ததை எவரும் பேசவில்லை, மேல்பல்லைத் தொட்டால் கண் நரம்பு அறுந்துவிடும் என்று மட்டும் பேசினார்கள். குருவையா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். பல் வலித்தால் கிராம்பை வைத்து அடக்கினான், அப்படியும் வலித்தால் அந்தப் பக்கம் மெல்வதை விட்டான், அப்புறம் இந்தப் பக்கமும் விட்டான். ஊர் கஞ்சிக்கு மாறியது நாற்காலி வந்த பிறகு. குருவையாவோ அதற்கும் வெகுகாலம் முன்பே மாறிவிட்டான், அவன் மகள் தர்ஷினியும் மாறிவிட்டாள். ரெண்டாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பிள்ளைக்கு அப்பா தட்டில் சாப்பிட்டால்தான் சோறு இறங்கும். அப்பா தட்டிலோ எப்போதும் பால்ரொட்டி.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கம்பெனியில் பாகின் பதத்தைப் பல்லால் பார்ப்பதுதான் ஆதிநாள் வழக்கம். கொதிக்கிற வெல்லப்பாகில் ஒரு சொட்டைப் பச்சைத்தண்ணீரில் விட்டு, அது இறுகியதும் கடித்துப் பார்க்க வேண்டும். பல்லில் ஒட்டினால் இன்னும் கொதிக்கணும், டக்கென்று ஒடிந்தால் கடலையைக் கொட்டலாம். கை ஏமாற்றும், கண் ஏமாற்றும், பல் ஏமாற்றாது என்பது முதலாளியின் அப்பா காலத்துச் சட்டம், அதை மீறுகிறவனுக்குக் கம்பெனியில் இடமில்லை. குருவையாவுக்குக் கடிக்கத் தாங்கும் பல் இல்லை, சொல்ல வாயும் இல்லை. கம்பெனியின் பின்சுவர்தான் அவன் வீட்டின் பக்கச்சுவர், சுவரில் ஒரு சின்ன ஜன்னல். வெயிலில் பாகு நீர்த்துவிடும் என்று முதலாளியிடம் ஒரு பொய்யைச் சொல்லி, காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னும் சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னும் மட்டும் பாகு காய்ச்சினான். ஒரு டம்ளர் தண்ணீரில் பாகுத்துண்டு ஜன்னல் வழியாக உள்ளே போகும். உள்ளே தர்ஷினி கடிப்பாள்.

"ஒட்டுதுப்பா."

கொஞ்சம் பொறுத்து இன்னொரு துண்டு போகும்.

"இப்ப ஒடிஞ்சிட்டுப்பா!"

"எந்தங்கம்லா. அம்மாட்ட சொல்லிராத, என்னா?"

அவள் சொல்லவில்லை. அப்பாவுக்காகக் காரியம் செய்கிற பெருமை அவளுக்கு. ஒரு பக்கம் வலிக்க ஆரம்பித்தபோது மறுபக்கம் கடித்தாள். வலித்தால் மறுபக்கம் கடிக்க வேண்டும் என்பதை அப்பா தட்டிலேயே அவள் பார்த்துப் பழகியிருந்தாள். வலிக்கிறது என்று சொன்னால் நாற்காலி வரும், நாற்காலி வந்தால் கண் போகும் என்பதும் அப்பா சொல்லித் தெரிந்ததுதான்.

மறுவருஷம் ஆவணி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குருவையா உப்புத்தண்ணீரில் வாய் கொப்பளிக்க வாசலுக்கு வந்தபோது நாற்காலி நின்றுகொண்டிருந்தது. அவன் வாயிலிருந்த தண்ணீரை அப்படியே விழுங்கினான். சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டான்.

"வந்துட்டு" என்றான் மனைவியிடம். "எனக்கு வந்துட்டுட்டி."

பேச்சிக்கனிக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வருவது போல வந்தார்கள். "பேசாமப் போயி உக்காந்துருங்க அண்ணாச்சி, பூதலிங்கம் இன்னும் உசுரோடதான டீ ஆத்துதான்" என்று தைரியம் சொன்னவர்களும் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் சொன்னார்கள். குருவையா மாட்டுக்கயிற்றை வாங்கிவந்து நாற்காலியைக் கரண்டு கம்பத்தோடு சேர்த்துக் கட்டினான். நின்ற இடத்திலேயே நிற்கிற ஒன்றைக் கட்டி என்ன பயன் என்று கயிற்றைக் கொடுத்தவனே சிரித்தான். மாரியம்மனுக்கு வெள்ளியில் பல் செய்து போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டான். கம்பெனிக்குச் சுவரேறிக் குதித்துப் போய்வந்தான். ஜன்னல் வழியாக டம்ளர் போவது மட்டும் நிற்கவில்லை.

ஒரு சாயங்காலம் டம்ளர் உள்ளே போய்க் குரல் வரவில்லை. எட்டிப் பார்த்தான். தர்ஷினி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கன்னம் உப்பி, உடம்பு கொதித்தது.

அடுத்து நடந்த தப்பை வேறு ஊரில் செய்திருப்பார்களோ என்னவோ, பாகலூரணியில் செய்யாமல் இருக்க முடியாது. பிள்ளையின் கன்னத்தைப் பார்த்த அத்தனை பெண்களும் ஒரே குரலில், "பொன்னுக்கு வீங்கி!" என்றார்கள். பொன்னுக்கு வீங்கினால் பொன்னைப் போட வேண்டும், போட்டால் தானாக வடியும், ஆஸ்பத்திரி மருந்து ஆகவே ஆகாது. பேச்சிக்கனி தன் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் போட்டாள், கன்னத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள், இதமாக இறங்கட்டும் என்று கருப்பட்டிக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். பிள்ளை பேசவில்லை. பேசினால் வாய் திறக்கும், திறந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். குருவையாவுக்கும் பொன்னுக்கு வீங்கி என்ற சொல் வசதியாக இருந்தது. ஜன்னலும் டம்ளரும் அவன் நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சொல்லை எடுத்து அவற்றின்மேல் போட்டு மூடினான்.

மூடியது நிற்கவில்லை. வீக்கம் தாடையை விட்டுக் கழுத்துக்கு இறங்கியது, சங்கிலி சதையில் பதிந்தது. மூச்சு விடும்போது தொண்டையில் ஒரு இரைச்சல் கேட்டது. இரைச்சல் கேட்ட அன்று காலையில் பார்த்தால் நாற்காலி வாசலில் இல்லை, கட்டிய கயிறு மட்டும் கம்பத்தில் தொங்கியது. குருவையாவுக்கு உயிர் வந்தது, ஒரு நிமிடம்தான். வீட்டைச் சுற்றிவந்து அது பிள்ளை படுத்திருந்த அறையின் மறுபக்க ஜன்னலுக்கு வெளியே நின்றது. நான் இந்த அறையில் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது, என்னைத் தேடி வருகிறது என்று நினைத்து அவன் அடுப்படிக்கு ஓடினான். அது அடுப்படிப் பக்கம் வரவில்லை. அதை அவன் கவனிக்கவில்லை, பயந்தவன் எதைக் கவனிப்பான்?

பேச்சிக்கனி அடுப்படிக்கு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"அந்தச் சனியன் நம்ம வீட்டச் சுத்துனதுல இருந்துதான் பிள்ளைக்கு ஆகல. பொன்னு போட்டும் வடியல. நீங்க போயி உக்காந்தா அது போயிரும். பிள்ளைக்காக உக்காருங்க."

"கண்ணு போயிரும்ட்டி..."

"போகட்டும். பிள்ள முகத்தப் பாத்தேரா நீரு? இல்ல, ஒரு கண்ணு போனா என்ன, இன்னொரு கண்ணு இருக்குல்லா?"

அவள் அவனை நீர் என்று சொல்லி அவன் கேட்டதில்லை. குருவையா எழுந்தான். வெட்டப்போகிற ஆடுகூட நாலு காலிலும் ஊன்றி நிற்கும், அவனுக்கு ரெண்டு காலும் பின்னின. தெருவே வேலையை விட்டுவிட்டு வந்து கூடியது, ஒருவர் வாயும் திறந்திருக்கவில்லை. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி, அந்தக் குளிர்ந்த மெத்தையில் உட்கார்ந்து, கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டான்.

நாற்காலி அசையவில்லை.

அவன் காத்திருந்தான். ஊர் காத்திருந்தது. கூட்டத்திலிருந்து பூதலிங்கம், "உக்காந்த ஒடனே கெளம்புமே" என்று மெல்லச் சொன்னது அவன் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தான். தலைக்கு மேலிருந்த வட்ட விளக்கு தானாக எரிந்தது, மெல்லத் திரும்பி, அவன் முகத்தைத் தாண்டி, ஜன்னல் கம்பிகளுக்குள் புகுந்து, பாயில் படுத்திருந்த பிள்ளையின் வீங்கிய கன்னத்தில் போய் நின்றது.

அதுவரை குருவையா பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை. தனக்கு வந்தது என்று அவன் நடுங்கிய நாளெல்லாம் அது பிள்ளைக்காக வந்து வாசலில் காத்து நின்றிருக்கிறது, அதைத்தான் அவன் கரண்டு கம்பத்தோடு கட்டிப்போட்டான். வாய்விட்டு அலறிக்கொண்டு உள்ளே ஓடினான்.

தர்ஷினி அவனைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வாயைச் சரியாகத் திறக்காமலேயே, மூச்சுக்கு நடுவில், "வரமாட்டேன்ப்பா. கண்ணு போயிரும்னு நீதானப்பா சொன்ன" என்றாள்.

"நான் சொன்னது பொய்யிம்மா."

"அப்ப நீ ஏன் போகல?"

அவன் குனிந்து அவளைத் தூக்கப் போனான். அவள் அடித்தாள், உதைத்தாள், உதைக்கிற காலில் பலம் இல்லை. வாரி எடுத்துவந்து நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டதும் அது கிளம்பியது. கடலை காய்கிற தெரு வழியாக, டீக்கடையைத் தாண்டி, வழக்கத்தைவிட வேகமாக, ஆனாலும் பிள்ளையின் தலை குலுங்காமல் போனது. மடியில் கிடந்த உடம்பின் சூடு அவன் வேட்டியைத் தாண்டிச் சுட்டது. மூச்சு இரைந்து, நின்று, மறுபடி இரைந்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவன் மூச்சும் நின்றது. போ, போ, இன்னும் வேகமாகப் போ என்று, எந்த நாற்காலியைக் கண்டு ஓடினானோ அதையே கைப்பிடியில் தட்டித் தட்டிக் கெஞ்சினான்.

நாற்காலி மாடியேறி நின்றது. பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததும் ஜெனிட்டாவின் முகம் மாறியது.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"பொன்னுக்கு வீங்கின்னு..."

"இது பல்லுல இருந்து வந்த சீழு. தொண்டைக்கு எறங்குது. தலையப் பிடிச்சுக்கோங்க, விடாதீங்க. கண்ண மூடாதீங்க, நீங்க மூடுனா அவளும் பயப்படுவா."

அவன் மூடவில்லை. ஊசி போனதைப் பார்த்தான். பிள்ளையின் வாய்க்குள் கருத்துக் குழிந்து கிடந்த கடைவாய்ப் பற்களைப் பார்த்தான், ஒரு பக்கம் அல்ல, இரண்டு பக்கமும். பல் பிடுங்கும் குறடு நுழைந்ததையும், சீழும் ரத்தமும் கிண்ணத்தில் விழுந்ததையும் பார்த்தான். பிள்ளை ஒரே ஒரு தடவை அலறினாள். அது மெஷினின் சத்தம் அல்ல என்று கீழே தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்தது. அப்புறம் அவள் நெஞ்சு மேலேறி இறங்கியது, இரைச்சல் இல்லாமல் மறுபடியும் ஏறி இறங்கியது.

"மூச்சு சீராகுது" என்றாள் ஜெனிட்டா. "பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லுதேன். அங்க வச்சு ஊசி போடணும். கொஞ்சம் பிந்தியிருந்தா..." என்று தொடங்கியதை அவள் முடிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, எல்லோரிடமும் கேட்கிறதைக் கேட்டாள். "பிள்ள என்ன சாப்பிடுவா?"

"பால், ரொட்டி... கருப்பட்டிக் கஞ்சி..."

"அது மட்டும் இந்தப் பல்ல இப்படிச் சிதைக்காது. ரெண்டு பக்கமும் ஒடஞ்சு கெடக்கு. வேற என்ன கடிச்சா?"

குருவையா மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தான். படியில் காலடிச் சத்தம் கேட்டது, பேச்சிக்கனி ஓடிவந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது, பொன்னுக்கு வீங்கி மாதிரி ஒரு சொல் எங்கேயாவது அகப்படும். அவன் தேடவில்லை.

"பாகு கடிச்சா டாக்டரம்மா. காலையிலயும் சாயங்காலமும், கொதிக்கக் கொதிக்க எடுத்த பாகு. எனக்குப் பதம் பாக்கப் பல்லு இல்ல. இங்க வரதுக்குப் பயந்துக்கிட்டு, எனக்குப் பதிலா இவளக் கடிக்க வச்சேன்."

பேச்சிக்கனி மெதுவாக உள்ளே வந்தாள். பிள்ளையின் கழுத்தில் பதிந்திருந்த சங்கிலியைக் கொக்கி கழற்றி எடுத்தாள், அது இருந்த இடம் சிவந்து கிடந்தது. பிள்ளையை அவன் மடியிலிருந்து தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். குருவையா எழுந்திருக்கப் போனான்.

"நீரு எங்க எந்திரிக்கேரு?" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல். "டாக்டரம்மா, வண்டி வந்ததும் நானும் பிள்ளையும் போறோம். இவரு இங்கேயே இருக்கட்டும். ஒரு பல்லு விடாமப் பாருங்க."

அவள் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குருவையா எழுந்திருக்கவில்லை.